கோழிப்பண்ணைப் பாதுகாப்புப் பெட்டி: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

நாமக்கல்லில் கோழி மருந்தும் பண்ணைச் சாமான்களும் விற்கும் ஒரு கடையில், ‘பறவைக் காய்ச்சல் பாதுகாப்பு கிட்’ என்று சீட்டு ஒட்டிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பங்குனி மாதத்தில் 2,450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கால்நடை மருத்துவன் என்ற முறையில் நான் ஆலோசனை சொல்லிவரும் இரண்டு முட்டைக்கோழிப் பண்ணைகளில், எரு அள்ளுதல், செத்த கோழிகளை அப்புறப்படுத்துதல், தடுப்பு மருந்து தெளித்தல், பிரேதப் பரிசோதனை ஆகிய நான்கு வேலைகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தினோம். தீர்ந்தவற்றை அதே கடையில் உதிரியாக வாங்கிக்கொண்டோம். இரண்டு பண்ணைகளிலும் நோய் எதுவும் இல்லை, எல்லாம் முன்னெச்சரிக்கைதான். ஆடிக் காற்று தொடங்கி, ஷெட்டுக்குள் தூசி எழும்பும் இந்த நேரத்தில், நான்கு மாத அனுபவத்தை வைத்து இதை எழுதுகிறேன். கடையின் பெயரையோ தயாரிப்பு நிறுவனங்களின் பெயர்களையோ நான் சொல்லப்போவதில்லை. ஏறத்தாழ இதே பொருள்கள் வெவ்வேறு சீட்டுகளுடன் பல கடைகளில் விற்கப்படுகின்றன. எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது.

பெட்டிக்குள் இருந்தவை இவை: தலையைச் சுற்றி இரண்டு பட்டைகள் போடும் கோப்பை வடிவ என்95 முகக்கவசங்கள் 10, காதில் மாட்டும் மடிப்பு முகக்கவசங்கள் 20, பாதுகாப்புக் கண்ணாடிகள் 2, நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி, முழு உடல் அங்கிகள் 5, ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு துண்டுத்தாள்.

இவற்றை எடைபோடுவதற்கு முன், பறவைக் காய்ச்சல் வைரஸ் மனித உடலில் எங்கே ஒட்டுகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பெட்டியில் எது முக்கியம், எது அலங்காரம் என்று பிரிக்க முடியாது. பறவைக் காய்ச்சலுக்கும் மனிதர்களின் சளிக்காய்ச்சலுக்கும் காரணமான இன்ஃப்ளூயன்சா வைரஸின் மேற்புறத்தில் முள்முள்ளாக நிற்கும் ஹீமாக்ளூட்டினின் என்ற புரதம், நம் உயிரணுக்களின் மேல் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியில் உள்ள சியாலிக் அமிலத்தைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. அந்த அமிலம் சங்கிலியோடு இணைந்திருக்கும் விதம் இரண்டு. மனிதர்களிடையே ஆண்டுதோறும் பரவும் சளிக்காய்ச்சல் வைரஸ்கள் ஆல்பா 2,6 என்னும் இணைப்பை விரும்புகின்றன. அது நம் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் ஆகிய மேற்பாதையில் நிறைந்திருக்கிறது. வாத்தின் குடலில் காலங்காலமாக வாழ்ந்து பழகிய பறவை வைரஸ்களோ ஆல்பா 2,3 இணைப்பை விரும்புகின்றன. அது மனிதனின் மேல் மூச்சுப்பாதையில் அரிது; நுண்ணிய மூச்சுக்கிளைகள் முடிந்து காற்றறைகள் தொடங்கும் இடத்திலும், காற்றறைச் சுவரில் உள்ள இரண்டாம் வகை உயிரணுக்களிலும் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டில் வைரஸ் ஆய்வாளர் யோஷிஹிரோ கவாவோகாவின் குழுவும், நெதர்லாந்தின் ஏராஸ்மஸ் மருத்துவ மையத்தைச் சேர்ந்த குழுவும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் தனித்தனியே இதைக் காட்டின.

வெப்பமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. கோழியின் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நம் மூக்கின் உட்புறமோ 33 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. அந்தக் குளிர்ச்சியில் பறவை வைரஸின் நகலெடுக்கும் இயந்திரம் மந்தமாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, நம் மூச்சுப்பாதையில் ஊறும் சளியிலேயே ஆல்பா 2,3 இணைப்புகள் ஏராளம். வைரஸ் உயிரணுவைத் தொடுவதற்கு முன்பே இந்தப் போலிக் கதவுகளில் சிக்கி, சளியோடு வெளியே தள்ளப்படுகிறது. (வைரஸிடம் இதற்கும் ஒரு கத்திரிக்கோல் உண்டு, நியூராமினிடேஸ் என்பது அதன் பெயர். இந்தக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் ஓசெல்டமிவிர் மாத்திரை அந்தக் கத்திரிக்கோலைத்தான் மழுங்கடிக்கிறது.) ஆகவே, பண்ணையில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்பவருக்குக்கூடப் பறவைக் காய்ச்சல் எளிதில் தொற்றுவதில்லை. ஆனால் மேற்பாதையைத் தாண்டி, மிக நுண்ணிய துகள் ஒன்றின் முதுகில் ஏறி வைரஸ் காற்றறை வரை போய்விட்டால் நிலைமை வேறு. நுரையீரல் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பசைநீரைச் சுரப்பவை அந்த இரண்டாம் வகை உயிரணுக்கள்தான். அவை அழியும்போது காற்றறைகளில் நீர் கோத்து, மூச்சு அடைபடுகிறது. 1997-இல் ஹாங்காங்கில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் வகை முதன்முதலாக மனிதர்களைத் தாக்கியபோது, தொற்றிய 18 பேரில் 6 பேர் இறந்தனர். 2003-க்குப் பிறகு உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் சேர்ந்த 900-க்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைக்கவில்லை. இலேசாக வந்து போனவர்கள் பலர் கணக்கில் வராமல் போயிருக்கலாம் என்றாலும், இது சிறிய எண் அன்று.

ஆழ்ந்த நுரையீரல் ஒரு வாசல் என்றால், இன்னொரு வாசல் கண். கண்ணின் வெண்படலத்தை மூடியிருக்கும் சவ்வில் ஆல்பா 2,3 இணைப்பு தாராளமாக இருக்கிறது. அதோடு, கண்ணீர் வடியும் சிறு குழாய் நேரே மூக்குக்குள் திறக்கிறது. ஆக, இந்தப் பெட்டியில் உள்ள ஒவ்வொன்றிடமும் நான் கேட்ட கேள்வி ஒன்றே: நீ எந்த வாசலை அடைக்கிறாய்?

கோப்பை வடிவ முகக்கவசம் இந்தக் கேள்விக்கு நன்றாகவே விடை சொல்கிறது. வைரஸின் விட்டம் 80 முதல் 120 நானோமீட்டர்தான் (0.08 முதல் 0.12 மைக்ரான்) என்பதால், ‘இவ்வளவு சிறியதை இந்தத் துணி எப்படிப் பிடிக்கும்?’ என்று பண்ணையாளர்கள் கேட்பது வழக்கம். பண்ணைக் காற்றில் வைரஸ் தனியாக அலைவதில்லை. காய்ந்த எச்சம், இறகுத் துகள், தீவனத் தூசி, நீர்த்திவலை ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டே பறக்கிறது. அவற்றில் பெரியவை மூக்கிலேயே தங்கிவிடும். ஐந்து மைக்ரானுக்கும் சிறியவை கீழே இறங்கும். என்95 என்ற குறியீடு, வடிகட்டுவதற்கு மிகக் கடினமான 0.3 மைக்ரான் அளவிலேயே குறைந்தது 95 விழுக்காட்டுத் துகள்களைப் பிடிக்கும் என்பதைக் குறிக்கிறது. அதைவிடச் சிறியவை நேர்கோட்டில் போகாமல் அலைந்து திரிந்து இழையில் மோதிச் சிக்குவதால், அவற்றைப் பிடிப்பது உண்மையில் எளிது. நாங்கள் வாங்கியதில் இந்தியத் தரமான ஐஎஸ் 9473-இன் எண்ணும் எஃப்எஃப்பி2 என்ற (என்95-க்கு ஏறத்தாழ இணையான) வகுப்பும் கவசத்தின் மேலேயே அச்சாகியிருந்தன. அட்டைப்பெட்டியில் மட்டும் அச்சாகி, கவசத்தில் எதுவும் இல்லாதவற்றை வாங்க வேண்டாம்.

மூக்குக்கு மேல் உள்ள அலுமினியப் பட்டை அழுத்தமாக மடிந்து நிற்கிறது. இரண்டு ரப்பர் பட்டைகளில் ஒன்று உச்சிக்கும் மற்றொன்று பிடரிக்கும் போவதால், குனிந்து எரு அள்ளும்போதும் விலகவில்லை. இரண்டு கைகளாலும் கவசத்தைப் பொத்தி வேகமாக மூச்சு விட்டுப் பார்த்தால், கண்ணோரமாகக் காற்று கசிகிறதா என்று தெரிந்துவிடும். என்னோடு சேர்ந்து சோதித்த ஏழு பேரில் ஐந்து பேருக்குக் கசியவில்லை. கசிந்த இருவரில் ஒருவர் தாடி வைத்திருந்தார். இன்னொருவர் முகம் சிறுத்த இளம்பெண். தாடிக்குத் தயாரிப்பாளர் பொறுப்பாக முடியாது. ஒரே அளவில் மட்டும் செய்து விற்பதற்குப் பொறுப்பு அவர்களுடையதே. முட்டை பொறுக்கும் வேலையிலும் குஞ்சுப் பராமரிப்பிலும் பெண்களே மிகுதியாக இருக்கும் ஊரில் விற்கும் பெட்டியில், சிறிய அளவில் நான்கைந்தாவது வைத்திருக்க வேண்டும்.

இரண்டு புகார்களை இங்கே விளக்கியாக வேண்டும், ஏனெனில் அவை கவசத்தின் குறைகள் அல்ல. முதலாவது, “இதைப் போட்டும் அமோனியா நெடி அடிக்குதுங் டாக்டர், அப்புறம் எதுக்குங் இது?” என்று எரு அள்ளும் பெரியவர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அமோனியா ஒரு வாயு; வாயுவை இந்தக் கவசம் தடுக்காது, துகளை மட்டுமே தடுக்கும். நெடி வருவதால் தூசியும் உள்ளே வருகிறது என்று பொருளாகாது. இதைச் சொல்லித்தராவிட்டால், வேலையாட்கள் கவசம் பழுது என்று முடிவு கட்டிக் கழற்றிவிடுவார்கள். இரண்டாவது, ஒரு காலையில் நான் போனபோது நான்கு கவசங்கள் சோப்புத்தூளில் அலசப்பட்டு, கொடியில் சேலைகளுக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தன. துவைத்தவரிடம் சுத்தம் பற்றிய அக்கறைதான் தெரிந்தது, ஆனால் கவசம் போய்விட்டது. இழைகளில் ஏற்றப்பட்டிருக்கும் நிலைமின்னேற்றமே நுண்துகளை இழுத்துப் பிடிக்கிறது; சோப்பு நீர் பட்டால் அந்த ஏற்றம் அழிந்து, பார்வைக்கு வெள்ளை வெளேரென்று இருக்கும் வெறும் துணியே மிஞ்சும். உறையின் மேல் ‘துவைக்கக் கூடாது’ என்று தமிழில் இரண்டு சொல் அச்சிட்டிருந்தால் அந்த நான்கு கவசங்களும் தப்பியிருக்கும்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே இருபது நிமிடத்துக்கு மேல் இதை அணிந்திருப்பது கடினம். வெளிமூச்சுக்கு வால்வு வைத்த கவசம் ஒன்றை உதிரியாக வாங்கிப் பார்த்தோம், ஓரளவு இதமாக இருந்தது. கொரோனாக் காலத்தில் வால்வு வேண்டாம் என்று சொன்னதை நினைவில் வைத்துச் சிலர் தயங்கினார்கள். அன்றைய அச்சம், அணிந்தவரின் மூச்சு மற்றவருக்குப் போகும் என்பது. பண்ணையில் நாம் தடுக்க நினைப்பது கோழியிடமிருந்து ஆளுக்கு வருவதை. அதற்கு வால்வு இடையூறு அன்று.

காதில் மாட்டும் 20 கவசங்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. தாடைக்குக் கீழே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. தும்மலின் பெரிய திவலையைத் தடுக்கலாம். காற்றறையை நோக்கிப் போகும் நுண்துகள் ஓரத்தின் வழியே உள்ளே போய்விடும். பெட்டியில் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதற்காகச் சேர்த்தவை என்றே கருதுகிறேன். இவற்றைத் தீவன ஆலைக்குக் கொடுத்துவிட்டேன்.

கண்ணாடியே இந்தப் பெட்டியின் சிறந்த பொருள். ஆனால் விற்பவரும் வாங்குபவரும் அதைக் கடைசியாகப் பார்க்கிறார்கள். கடைக்காரர் என்னிடம் பெட்டியைப் பிரித்துக் காட்டியபோது முகக்கவசத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். கண்ணாடியை, “அது சும்மா கூட வருதுங்க” என்று ஓரத்தில் தள்ளிவிட்டார். நெதர்லாந்தில் 2003-இல் எச்7என்7 என்ற இன்னொரு பறவைக் காய்ச்சல் வகை பரவி மூன்று கோடி அளவில் பறவைகள் அழிக்கப்பட்டபோது, தொற்று உறுதியான 89 பேரில் 78 பேருக்கு வந்தது கண் அழற்சி மட்டுமே. அதே தொற்றில் நிமோனியா கண்டு இறந்தவர் ஒரு கால்நடை மருத்துவர். என் தொழில் செய்தவர் என்பதால் எப்போதும் என் நினைவில் நிற்கும் மரணம் அது. 2024-இல் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கு எச்5என்1 பரவியபோது, டெக்சாஸ் மாநிலப் பால் பண்ணைத் தொழிலாளி ஒருவருக்குக் கண்கள் இரத்தமாகச் சிவந்தன. அவர் கையுறை அணிந்திருந்தார், கண்ணுக்கும் மூக்குக்கும் எதுவும் அணிந்திருக்கவில்லை. அவருடைய கண்ணிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸ் மிகுதியாகவும், மூக்கில் எடுத்ததில் சொற்பமாகவும் இருந்தது. பாலூட்டிகளின் உடலில் பெருகுவதற்கு உதவும் ஒரு மாற்றம், வைரஸின் நகலெடுக்கும் இயந்திரத்தில் ஒரு பகுதியான பிபி2 புரதத்தின் 627-ஆம் இடத்தில், அந்த வைரஸில் ஏற்கெனவே வந்திருந்தது. அவருக்கு நுரையீரல் பாதிக்கவில்லை, குணமாகிவிட்டார்.

நம் ஊரிலும் இதைப் புரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. வெள்ளைக்கழிச்சல் என்னும் கோழி நோய்க்கான, உயிருள்ள வைரஸ் கொண்ட லசோட்டா தடுப்பு மருந்தைத் தெளித்தவர்களில் பலருக்கும் மறுநாள் ஒரு கண் சிவந்து நீர் வடிந்த அனுபவம் இருக்கும். படித்து முடித்த முதல் ஆண்டில் எனக்கும் அது நேர்ந்தது: தெளிப்பானின் மூக்கை எதிர்காற்றில் பிடித்துவிட்டு, மூன்று நாள் இடது கண்ணைக் கசக்கிக்கொண்டே திரிந்தேன். அது வேறு குடும்பத்து வைரஸ், மனிதனுக்குப் பெரிய தீங்கு செய்யாது. எனினும் கோழிக்கான வைரஸ் மனிதனின் கண்ணில் குடியேற முடியும் என்பதை அதைவிடத் தெளிவாக எந்த வகுப்பும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இந்த நான்கு மாதங்களில் கண்ணாடி அணிந்து லசோட்டா தெளித்த எவருக்கும் கண் சிவக்கவில்லை.

கண்ணாடியின் விளிம்பு மென்மையான சிலிக்கோன், முகத்தோடு ஒட்டி உட்காருகிறது. காற்றோட்டத் துளைகள் நேராகத் திறக்காமல் வளைந்து மூடிய வகையைச் சேர்ந்தவை. நேராகத் துளையிட்ட மலிவுக் கண்ணாடியில் தெளிப்பு மருந்து உள்ளே இறங்கிவிடும் என்பதால் இதைக் கட்டாயம் பார்த்து வாங்க வேண்டும். பவர் கண்ணாடியின் மேலேயே இதை அணிய முடிகிறது. குறை, ஆவி படிவது. ‘ஆவி படியாது’ என்று உறையில் இருந்த வாக்குறுதி முதல் கழுவலோடு போய்விட்டது. பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒரு சொட்டை உட்புறம் தடவி, நீர் ஊற்றித் துடைக்காமல் நிழலில் உலர்த்தினால் ஒரு மணி நேரத்துக்குத் தாக்குப்பிடிக்கிறது. முகக்கவசத்தின் மூக்குப்பட்டை சரியாக மடியாவிட்டால்தான் ஆவி அதிகம் படிகிறது. அந்த வகையில், கவசம் கசிகிறது என்று கண்ணாடி காட்டிக்கொடுப்பது ஒரு வசதி என்றே சொல்வேன்.

அங்கிகள் நெய்யாத துணியால் ஆனவை, மெலிந்தவை. கூண்டுக் கம்பியில் மாட்டி முதல் நாளே இரண்டு கிழிந்தன. தோல் வழியாக இந்த வைரஸ் நுழைவதில்லை. அங்கியின் வேலை, ஷெட்டின் தூசியை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் தடுப்பது. அதற்குப் பண்ணையிலேயே விட்டுவிட்டு வரும் பழைய முழுக்கைச் சட்டையும் லுங்கியும், அங்கேயே துவைக்கும் வசதியும் போதும். குளிர்ந்த எச்சத்தில், 4 டிகிரியில் எச்5என்1 ஒரு மாதத்துக்கும் மேல் உயிர்ப்புடன் இருக்கும். 37 டிகிரியில் ஆறு நாள் வரை. வெயில் நமக்குச் செய்யும் உதவி அது, ஆனால் ஆறு நாள் என்பதும் வீட்டுக் குழந்தை மடியில் வந்து உட்காரப் போதுமான காலம்தான். கையுறைகள் நன்று, பிரேதப் பரிசோதனையின்போது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அணிந்தேன், கிழியவில்லை.

பெட்டியின் மிகப் பெரிய குறை அந்தத் துண்டுத்தாள். அணியும் முறையைப் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள், கழற்றும் முறையைப் பற்றி ஒரு வரி இல்லை. வேலை முடித்த ஆள் எச்சம் படிந்த கையுறையோடு முதலில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டால், அதுவரை அணிந்திருந்தது வீண். நாங்கள் வழக்கமாக்கிய வரிசை இது: முதலில் கையுறை, கை கழுவல், பிறகு அங்கி, ஷெட்டை விட்டு வெளியே வந்து பின்பக்கப் பட்டையைப் பிடித்துக் கண்ணாடி, கடைசியாக முகக்கவசம், மறுபடி சோப்பால் கை கழுவல். இன்ஃப்ளூயன்சா வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சாதாரணச் சோப்பிலேயே சிதைந்துவிடும். கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்த ஷெட்டில் வேலை செய்தவருக்கு அடுத்த 10 நாள்களில் காய்ச்சலோ, இருமலோ, கண் சிவப்போ வந்தால் பண்ணை வேலையைச் சொல்லி மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதும், முதல் இரண்டு நாள்களுக்குள் கொடுத்தால்தான் ஓசெல்டமிவிர் முழுப்பயன் தரும் என்பதும் அந்தத் தாளில் கட்டாயம் இருந்திருக்க வேண்டும். இந்தியாவிலும் மனித மரணங்கள் இல்லாமல் இல்லை: 2021-இல் ஹரியானாவைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன், 2025-இல் ஆந்திரத்தில் இரண்டு வயதுக் குழந்தை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே வேலை செய்பவர்களுக்காக, தமிழோடு இந்தியிலும் அச்சிட்டால் நல்லது.

விலையைப் பொறுத்தவரை, பெட்டியாக வாங்குவதைவிடப் பிரித்து வாங்குவது இலாபம். இரண்டு பட்டை முகக்கவசம் ஒன்று 60 ரூபாய்க்கும், கண்ணாடி 200 ரூபாய்க்கும் அதே கடையில் உதிரியாகக் கிடைத்தன. ஆளுக்கு ஒரு கண்ணாடி, பத்துக் கவசம், பொதுவில் ஒரு பெட்டிக் கையுறை என்று வாங்கினால், காதில் மாட்டும் கவசத்துக்கும் கிழியும் அங்கிக்கும் போகும் ஆயிரத்துச் சொச்சம் மிஞ்சும். கேரளத்தில், குட்டநாட்டு வாத்துகளுக்கு நோய் வந்தது என்ற செய்தி எட்டியதும் இங்கே இவற்றின் விலை ஏறுவது வழக்கம். செய்தி இல்லாத மாதத்தில் வாங்கி வைப்பது நல்லது.

கண்ணாடிகள் இரண்டையும் ஷெட் வாசலில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தேன். போன வாரம் பார்த்தபோது ஒன்றைக் காணவில்லை. விசாரித்ததில், எரு வண்டி ஓட்டும் தம்பி அதைப் போட்டுக்கொண்டு மாலையில் பைக்கில் வீட்டுக்குப் போவதாகவும், வழியில் பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் விழுவதில்லை என்று ஊரெல்லாம் மெச்சிக்கொள்வதாகவும் சொன்னார்கள். கழுவித்தான் போட்டுக்கொள்கிறாரா என்று மட்டும் கேட்டுவிட்டு, கடையில் இன்னும் இரண்டு எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.